ரிங் போகுது, எடுக்க ஆளில்லை

பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று பரணை ஒதுக்கியபோது ஒரு எண்பது பக்க நோட்டு அகப்பட்டது. அட்டையில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ‘நெட் கணக்கு’. வரவு செலவு எதுவும் இல்லை. உள்ளே இப்படி இருக்கிறது: ‘மாலை 6.40 – 678. 6.43 – 678. 6.47 – 676. 6.52 – ஏறிட்டு, 26,400. 7.05 – அறுந்துட்டு. 7.06 – 691. 7.09 – 691. 7.20 – ஏறிட்டு.’ வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன, சீட்டு நம்பரா?” என்றாள்.

அந்த எண்கள்தான் ஐந்து வருஷம் எனக்குச் சோறு போட்டன, வயிற்றெரிச்சலையும் கொடுத்தன. டெலிபோன் லைனில் நம்பர் போட்டு நெட்டைப் பிடித்த டயல்அப் காலம் என்றதும் எல்லாரும் மோடத்தின் கீச்சுச் சத்தத்தைச் சொல்லி உருகுகிறார்கள். எனக்கு அந்த உருக்கம் வருவதில்லை. சத்தம் கேட்டுவிட்டால் பிழைத்தோம். சத்தமே கேட்காமல் போன சாயங்காலங்கள்தான் இந்த நோட்டு முழுக்க.

பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் எனக்கு ஏற்கெனவே ஒரு எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மிஷினும் இருந்தன. 2000-ஆம் வருஷம் பொங்கல் கழிந்து பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடித்து, நாலு கம்ப்யூட்டர் போட்டு, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினேன். நாலுக்கும் சேர்த்து ஒரே மோடம், ஒரே டெலிபோன் லைன். ஒரு கம்ப்யூட்டர்தான் டயல் செய்யும். மற்ற மூன்றும், ஒரே லைனைப் பங்கு போட்டுத் தரும் விங்கேட் என்ற சாஃப்ட்வேர் போட்டு அதன் தோளில் சவாரி. காலேஜ் பையன்கள் வருவார்கள். மேலப்பாளையத்திலிருந்து, வீட்டுக்காரர் ரியாத்திலோ துபாயிலோ இருக்கும் பெண்கள், “அண்ணாச்சி, கடுதாசி வந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க” என்று வருவார்கள். ஈமெயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் கடுதாசிதான்.

நெட் கொடுத்தவர் உள்ளூர்க்காரர். நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டை அரசுக் கம்பெனியான வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அதுவும் பெருநகரங்களில். தனியாருக்குக் கதவு திறந்தது 1998 நவம்பரில்தான். லைசன்ஸ் மூன்று வகை: நாடு முழுக்க என்றால் ஏ, ஒரு மாநில வட்டம் என்றால் பி, ஒரு டெலிபோன் மாவட்டத்துக்குள் மட்டும் என்றால் சி. ‘சி’ வகைக்கு 3 லட்ச ரூபாய் பேங்க் கேரண்டி போதும். எங்கள் பக்கம் ஒரு சுமாரான கடை போடுகிற காசு. துணிந்தவர்கள் இறங்கினார்கள். நம்மவரும் அப்படி இறங்கியவர்தான். பெயர் வேண்டாம், மனுஷர் நல்லவர், இன்றைக்கும் ரோட்டில் பார்த்தால் டீ வாங்கித் தராமல் விடமாட்டார்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் அவர் ஆபீஸ். பெரிய கம்பெனிகள் மணிக்கணக்கில் விற்ற நெட் பாக்கெட் கடைகடையாகத் தொங்கியபோதும் நான் இவரைப் பிடித்ததற்கு ஒரே காரணம், நெட் வராவிட்டால் சுலோச்சனா முதலியார் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்பதுதான். காரணம் பாதி சரி. சட்டையைப் பிடிக்கலாம்தான், பிடித்து என்ன கேட்பது என்று தெரிய வேண்டாமா?

முதல் ஆறு மாசம் எனக்குத் தெரியவில்லை. “நெட் வரல அண்ணாச்சி” என்று போனில் சொல்வேன். “எங்க பக்கம் எல்லாம் ஓடுது, உங்க லைனைப் பாருங்க” என்பார். டெலிபோன் ஆபீசில் எழுதிக் கொடுத்தால் லைன்மேன் வந்து ரிசீவரைக் காதில் வைத்து, “டோன் ஜம்முன்னு வருதே, உங்க டப்பாவைப் பாருங்க” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். கம்ப்யூட்டர் விற்ற தம்பி வந்து, “வைரஸ் அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சிருவோம்” என்பான். இரண்டு தடவை ஃபார்மட் அடித்தோம். இரண்டு தடவையும் காசு போனது. நெட், அது பாட்டுக்குத் தன் இஷ்டத்துக்கு வந்தது.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவரவர் பங்கு நன்றாகத்தான் இருந்தது. என் கடை மேஜையிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் ஹாட்மெயில் வரை எத்தனையோ கண்ணி. எந்தக் கண்ணி விட்டது என்று சொல்லத் தெரியாதவன் வாயில் ‘நெட் வரல’ என்ற ஒரே வாக்கியம்தான் இருக்கும். அந்த வாக்கியத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று தெரிந்த அன்றைக்குத்தான் நோட்டு போட்டேன்.

விண்டோஸ் 98 ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு நம்பர் கொடுக்கும். நாம் படிக்காமலே ‘ஓகே’யை அமுக்கிவிடுவோம். நோட்டில் எழுத ஆரம்பித்தபிறகுதான் அதில் இருக்கும் சூட்சுமம் புரிந்தது. 680 என்றால் டயல் டோனே இல்லை. தப்பு நம் வீட்டுக்குள், இல்லாவிட்டால் நம் தெருவில். 676 என்றால் எங்கேஜ். அவரிடம் இருக்கும் லைனைவிட ஆள் அதிகம். 678 என்றால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. 691 என்றால் வாசல் வரை விட்டுவிட்டு, பெயரும் பாஸ்வேர்டும் செல்லாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். இந்த நாலையும் தெரிந்துகொண்டதிலேயே பாதிச் சண்டை குறைந்தது. 680-க்கு அவரைத் திட்டிப் பயனில்லை, 676-க்கு லைன்மேனைக் கூப்பிட்டுப் பயனில்லை.

678-இன் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும்.

அந்த ஐப்பசியில் மூன்று நாளாகச் சாயங்காலம் ஆறரை ஆனால் போதும், 678. பகலில் ஒரு குறையும் இல்லை. மோடத்தை நம்பாமல் பூத் போனிலிருந்து அதே நம்பரைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் மோடம் எடுத்தால் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கூவல் வரும். வரவில்லை, ரிங் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே, எரிச்சலில் கடைப்பையனிடம், “நீயும் ஒரு தடவை போடுல” என்றேன். போட்டான். முதல் ரிங்கிலேயே ஏறிவிட்டது.

தற்செயல் என்று நினைத்து, அறுத்துவிட்டு மறுபடி போட்டோம். 678. பூத் போனில் ரிங் விட்டபடி போட்டோம். ஏறியது. ஐந்து தடவை சோதித்தோம், ஐந்து தடவையும் அப்படியே. பையன் என்னை மந்திரவாதி மாதிரி பார்த்தான். எனக்கும் ஒன்றும் புரியவில்லை என்பதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் ஜங்ஷன் மாடிக்குப் போனேன். “அண்ணாச்சி, உங்ககிட்ட நடுவுல ஒரு மோடம் ரிங்கை வாங்குது, ஆனா எடுக்க மாட்டேங்கு” என்றேன். அவர் முதன்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நெல்லை ஜில்லாவுக்கே இன்டர்நெட் தரும் இடம் ஏதோ ராக்கெட் விடுகிற இடம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரும்பு ஆங்கிள் அலமாரி, தட்டுக்குப் பத்தாக மூன்று தட்டில் முப்பது மோடம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய நம்பர். பின்னால் அடாப்டர்கள் வௌவால் மாதிரி தொங்கின. கீழே ஒரு ஸ்டூலில் டேபிள் ஃபேன், தலையை ஆட்டாமல் ஒரே பக்கம் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. காற்று கீழ்த்தட்டுக்கு மட்டும். ஜன்னல் வழியாக ஜங்ஷன் புழுதி. அவர் ஒவ்வொரு மோடமாக விளக்கைப் பார்த்துக்கொண்டே போய் ஒன்பதில் நின்றார். மற்றதில் எல்லாம், ரிங் வந்தால் தானாக எடுக்கும் என்பதைக் காட்டும் ஆட்டோ ஆன்சர் விளக்கு எரிந்தது, ஒன்பதில் இல்லை. மேலே உள்ளங்கையை வைத்தேன், தோசைக்கல்தான். அடாப்டர் பின்னைப் பிடுங்கினார், பத்து எண்ணினார், திரும்பச் சொருகினார். விளக்கு எரிந்தது. இவ்வளவுதான் ரிப்பேர். இதற்குத்தான் மூன்று நாள் கடையில் ஈ ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம்தான் விளக்கினார். டைரியில் போட்டிருக்கும் நம்பர் ஒன்று, பின்னால் முப்பது லைன். டெலிபோன் பாஷையில் ஹன்டிங். கால் வந்தால் எக்சேஞ்ச் ஒன்றாம் லைன் காலியா என்று பார்க்கும், இல்லையென்றால் இரண்டு, மூன்று என்று தேடிக்கொண்டு போகும். ஒன்பதாம் லைனில் மோடம் மூர்ச்சையாகிக் கிடப்பது எக்சேஞ்சுக்கு எப்படித் தெரியும்? யாரும் பேசவில்லை, ஆகவே காலி. முதல் எட்டு லைன் நிறைந்ததும் அடுத்து வருகிற அத்தனை பேரும் ஒன்பதில் போய்த்தான் விழுவார்கள். பத்திலிருந்து முப்பது வரை சும்மா கிடக்கும். பகலில் எட்டுப் பேருக்குமேல் வருவதில்லை, அதனால் பகலில் குறை தெரிவதில்லை. நான் பூத் போனில் ரிங் விட்டுக்கொண்டிருந்தால் ஒன்பதாம் லைனுக்கு ஆள் வந்தாச்சு, அடுத்த கால் பத்துக்குத் தாவும். நான் ரிங் விட்ட அந்த ஒரு நிமிஷத்தில் தச்சநல்லூரிலோ பேட்டையிலோ முக்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்கும் ஏறியிருக்கும். அவர் என்ன சாமிக்கு நேர்ந்துகொண்டாரோ!

அன்றிலிருந்து அவர் விடிகாலை ஐந்து மணிக்கு எல்லா மோடத்தையும் ஒரு தடவை அணைத்துப் போட ஆள் வைத்தார். நானும் 678 வந்தால் முதல் வேலையாகப் பூத் போனைக் கையில் எடுப்பேன். பக்கத்துக் கடைக்காரரிடம் போன் இருந்தால் போதும், யாரும் செய்யலாம். எங்கேயும் எழுதி வைக்காத வித்தை இது.

அதே அறையின் மூலையில் இன்னொரு பெட்டி இருந்தது. முப்பது மோடமும் இறைக்கிற தண்ணீரெல்லாம் போகும் குழாய் அது. எவ்வளவு அண்ணாச்சி என்றேன். 64 கே என்றார், குரலைத் தாழ்த்தி. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 64 கிலோபிட் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். சாயங்காலம் இருபது பேர் ஏறி, அத்தனை பேரும் ஒரே சமயம் இழுத்தால் ஆளுக்கு 0.4 கிலோபைட். 60 கிலோபைட் பக்கம் ஒன்று திறக்க இரண்டரை நிமிஷம். டெலிபோனில் 3 நிமிஷத்துக்கு ஒரு கால் என்று மீட்டர் ஓடிய காலம் அது. பக்கத்துக்கு ஒரு கால்! எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது உண்மைதான், ஒருவர் படிக்கும்போது இன்னொருவர் இழுப்பார். என் கடை மாதிரி நாலு கம்ப்யூட்டரை ஒரே லைனில் கட்டினவன் இருந்தால் அந்தச் சமாதானமும் செல்லாது. அதை அவரே ஒரு நாள் சொல்லிக் காட்டினார்: “பந்தியில ஒரு இலை போட்டுட்டு நாலு பேரு சாப்பிடுதீய.”

56 கே சமாசாரமும் அங்கேதான் வெளுத்தது. கடன் வாங்கி 56 கே மோடம் போட்டிருந்தேன். அந்த வேகம் வர வேண்டுமானால் கொடுக்கிறவர் பக்கம் எக்சேஞ்சிலிருந்து நேரடி டிஜிட்டல் லைன் வந்திருக்க வேண்டும். நம் பக்கத்துச் செம்புக் கம்பிக்காக மட்டும்தான் டிஜிட்டல் ஒரு தடவை சத்தமாக மாறலாம். அவர் வைத்திருந்தது நம் வீட்டில் இருப்பது போன்ற சாதா லைனும் கடையில் விற்கிற மோடமும். இரண்டு பக்கமும் சாதா லைன் என்றால் உச்சமே நொடிக்கு 33,600 பிட்தான், எந்தப் பிராண்டு வாங்கினாலும். ‘1,15,200-ல கனெக்ட் ஆகியிருக்கு’ என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் இருக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள ஒரு முழ வயரின் வேகம். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவேன்.

வேகத்தைப் பற்றி நோட்டு சொல்லித் தந்தது ஒன்று உண்டு. 31,200-ல் ஏறிய நாட்களில் பத்து நிமிஷத்தில் அறுந்தது. மோடம் செட்டிங்கில் உச்ச வேகத்தை நாமே 26,400-க்குக் கட்டிப் போட்டபோது ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. அறுந்து, மறுபடி டயல் செய்து, மறுபடி முதலிலிருந்து இறக்குவதைக் கணக்கில் சேர்த்தால் பைய போகிறதுதான் வெரசாப் போய்ச் சேர்ந்தது.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய பாதித் தகராறு என் கடைக்குள்ளேயே இருந்திருக்கிறது. லைனைச் சோதிக்க எளிய வழி: ரிசீவரை எடுத்து ஒரே ஒரு எண்ணை அமுக்க வேண்டும். டோன் நின்று சில நொடி நிசப்தம் வரும். அந்த நிசப்தத்தைக் கேட்க வேண்டும். டோன் ஓடும்போது கேட்காத கரகரப்பெல்லாம் அதில் கேட்கும். லைன்மேன் டோனை மட்டும் கேட்டுவிட்டுப் போனதன் தப்பு அதுதான். கரகரப்பு இருந்தால் அடுத்து கடைக்குள் ஓடும் வயரையெல்லாம் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கம்பி வந்து இறங்கும் பெட்டியிலேயே போனை மாட்டிக் கேட்க வேண்டும். அங்கே சுத்தமாக இருந்தால் குற்றவாளி நாம்தான்.

நாம்தான் என்று கண்டுபிடித்த நாள் நல்ல மழை. பெட்டியைத் திறந்தால் இரண்டு திருகுக்கும் அடியில் செம்பு பச்சைக் களிம்பு பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கூரையில் ஒழுகிய சொட்டு வயர் வழியாகவே வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. கம்பியை அரை விரல் நீளம் வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி முறுக்கினேன். பிறகு, வெளி வயர் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறுகிற மாதிரி அடித்தேன். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. இந்த வளைவுக்குக் காசு கிடையாது. கரகரப்பு போனது. மாடி வீட்டில் இதே லைனுக்கு ஒரு பேரலல் போன் இருந்தது. அம்மா அதை எடுத்து ‘அலோ’ என்பதற்குள் கீழே நாலு பேர் அறுந்து விழுவார்கள். அந்த போனுக்கு வேறு லைன் வாங்கி, அம்மாவிடம் நல்ல பெயரும் வாங்கினேன்.

680-க்கு இன்னொரு சின்னக் காரணம்: மோடம் எதிர்பார்க்கிற டோன் வேறு, நம் எக்சேஞ்ச் கொடுக்கிற டோன் வேறு. காதுக்குக் கேட்கும், மோடத்துக்குப் புரியாது. டயல் டோனுக்குக் காத்திருக்கும் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். இடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் இரண்டு மோடம் பறிகொடுத்திருக்கிறேன். கோடை மழையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இரண்டு தடவையும் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டெலிபோன் வயரை விட்டுவிட்டேன். மின்னல் வந்தது டெலிபோன் வயர் வழியாக.

691-தான் நட்பைக் கெடுத்தது. மணிக்கணக்கில் விற்ற பாக்கெட். லைன் பாதியில் அறுந்தால் சில சமயம் அவருடைய சர்வருக்கு நாம் இறங்கினது தெரியாது. இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதே பெயரில் மறுபடி ஏறப் போனால், ‘ஆள் உள்ளே இருக்கையில் நீ யார்’ என்று 691. பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தால் தானாக விடும். ஆனால் அந்தப் பேய் உட்கார்ந்திருந்த நேரமும் நம் கணக்கில்தான் ஏறும். 100 மணி நேரப் பாக்கெட் 82 மணியில் தீர்ந்துபோனதை நோட்டைக் காட்டித்தான் நிரூபித்தேன். தேதி, ஏறின மணி, இறங்கின மணி. அவர் தன் கம்ப்யூட்டரில் வரிவரியாக ஒத்துப் பார்த்தார். ஒரு வரியில் நான் ராத்திரி 9.10-க்கு இறங்கியிருக்கிறேன், அவர் கணக்கில் காலை 5 மணிக்கு இறங்கியிருக்கிறேன். மோடத்தையெல்லாம் அணைத்துப் போடுகிற நேரம்! இருவரும் சிரித்துவிட்டோம். 18 மணி நேரம் திருப்பிக் கொடுத்தார். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் சண்டைதான் மிச்சம்.

அறுகிற லைனோடு குடித்தனம் நடத்தவும் பழகினோம். மெயிலை முதலில் நோட்பேடில் அடித்து வைத்துவிட்டு அப்புறம்தான் டயல் செய்வது. ரியாத்துக்கு அரைப் பக்கம் எழுதி அனுப்பு என்பதை அமுக்கிய நொடியில் அறுந்துபோய், அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து சொல்ல வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது. தமிழ்ப் பத்திரிகை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எழுத்துரு என்று இருந்த காலம். இறக்கின எழுத்துருவையெல்லாம் ஒரு ஃபிளாப்பியில் போட்டு வைத்தேன், கேட்கிறவர்களுக்கும் கொடுத்தேன். ஏறியிருக்கிறது ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் 4.2.2.2 என்ற முகவரிக்குப் பிங் அடித்து, அதாவது ஒரு குரல் கொடுத்துப் பார்ப்போம். பதில் வந்தால் குழாய் நன்றாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். மட்டும் படுத்திருக்கிறது. அந்த 4.2.2.2-வையே டி.என்.எஸ்.ஸாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம்.

எல்லாச் சாமர்த்தியமும் கவிழ்ந்த நாள் ஒரு மே மாசம், பிளஸ் டூ ரிசல்ட். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. காலை எட்டரைக்கே வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. ஒன்பது மணிக்கு லைன் ஏறியது, வேகமும் காட்டியது, ஒரு பக்கமும் வரவில்லை. பிங் அடித்தேன்: அவருடைய சர்வர் வரை போகிறது, அதற்கு மேல் இல்லை. 64 கே குழாய் படுத்துவிட்டது. போன் போட்டால் அவர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார் போல, எங்கேஜ். கடைக்குள் நாற்பது பேர். ஒரு பிள்ளை உள்ளங்கையில் பேனாவால் நம்பர் எழுதி வந்திருந்தது. வியர்வையில் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒருவர் இதே தொழில், வேறு கம்பெனி நெட். பூத் போனில் அவரைப் பிடித்தேன். பத்துப் பத்து நம்பராகச் சொன்னேன். அவர் அங்கே போட்டுப் பார்த்து, ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டு, பாடவாரியாக மார்க் சொல்வார். நான் துண்டுச் சீட்டில் எழுதி, 1200-க்கு இவ்வளவு என்று கூட்டிக் கொடுப்பேன். ஹால் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாருடைய நம்பரையும் சொல்வதில்லை என்று மூன்றாவது ஆளிலேயே முடிவு செய்தேன். எஸ்.டி.டி. மீட்டர் ஓடியதில் லாபம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் அன்றைக்கு ரிசல்ட் தெரியாமல் யாரும் திரும்பிப் போகவில்லை. உள்ளங்கைப் பிள்ளைக்கு மூன்றும் இல்லை, எட்டும் இல்லை, அது ஐந்து. நல்ல மார்க்.

மறுநாளே ஒரு அரசு இணைப்புப் பாக்கெட் வாங்கி மேஜை டிராயரில் போட்டேன். தினம் பாவிக்க அல்ல. மாசம் ஒரு தடவை டயல் செய்து, ஏறுகிறதா என்று மட்டும் பார்த்து நோட்டில் எழுதி வைப்போம். நாகர்கோவில்காரரோடும் பேச்சு நிரந்தரமானது: அவருக்குப் படுத்தால் நான், எனக்குப் படுத்தால் அவர். இரண்டாவது வழியும் ஒரே குழாயில் போய்ச் சேர்ந்தால் அது இரண்டாவது வழி ஆகாது. இதைத் தெரியாமல் ஜங்ஷன்காரரிடமே இரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருந்த கடைகள் அன்றைக்கு ஷட்டரை இறக்கின.

அவர் கடை 2003 வாக்கில் மூடியது. முன்னறிவிப்பு இல்லை. ஒரு திங்கட்கிழமை எல்லாருக்கும் ரிங் போனது. பூத் போன் வித்தையும் பலிக்கவில்லை. போய்ப் பார்த்தால் மாடிக் கதவில் பூட்டு. பெரிய கம்பெனிகள் விலையைக் குறைத்துக்கொண்டே போனதில் மனுஷருக்குக் குழாய் வாடகைக்கே கட்டுப்படியாகவில்லை. எனக்குப் போனது 40 மணி நேரம்தான். வருஷப் பாக்கெட்டுக்குத் தள்ளுபடி என்று அவர் சொன்னபோதெல்லாம், மாசம் மாசம் வாங்கிக்கிறேன் என்று நழுவியது காப்பாற்றியது. ஆனால் மெயில் முகவரி போனது. அவர் கொடுத்த முகவரியைத்தான் போர்டில், பில் புத்தகத்தில், ரப்பர் ஸ்டாம்பில் எல்லாம் போட்டிருந்தேன். நெட் கொடுக்கிறவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், விலாசத்தை அவர் கையில் கொடுத்திருக்கக் கூடாது. ஆயிரம் பில் புத்தகத்தில் பேனாவால் அடித்துத் திருத்தினோம்.

2004-இல் 256 கே இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று அரசு கொள்கை போட்டது. 2005-இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டும் வந்தது. நோட்டில் அதற்குப் பிறகு பக்கங்கள் காலி. பேத்தி பூனை வரைந்திருக்கிறாள்.

இப்போது வீட்டில் ஃபைபர். கொடுப்பவர் மறுபடியும் உள்ளூர்க்காரர், கேபிள் டி.வி. தம்பி. போன வாரம் மழையில் நெட் இழுத்துக்கொண்டு கிடந்தது. கூப்பிட்டேன்.

“அண்ணாச்சி, மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“பண்ணியாச்சு தம்பி. லாஸ் லைட்டு செவப்பு எரியல, அப்ப கேபிள் அறுகல. பான் லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு. உள்ள போயிப் பாத்தேன், ரிசீவ் பவர் மைனஸ் 29 காட்டுது. போன மாசம் மைனஸ் 21 இருந்துச்சு, எழுதி வச்சிருக்கேன். கேபிள்ல வெளிச்சம் ரொம்பக் கொறஞ்சு வருது. எங்கயோ கேபிள் மடங்கியிருக்கு, இல்லேன்னா பெட்டிக்குள்ள தண்ணி எறங்கியிருக்கு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“நீங்க எந்த கம்பெனில வேலை பாத்தீய அண்ணாச்சி?” என்றான். பிறகு, “அரை மணி நேரத்துல ஆள அனுப்புதேன்.”

முக்கால் மணி நேரத்தில் ஆள் வந்தான். வேப்பமரத்தில் கட்டியிருந்த இடத்தில் கிளை முறிந்து கேபிளை அழுத்திக்கொண்டிருந்தது.

நோட்டில் பூனைக்குக் கீழே எழுதி வைத்தேன்: ‘காலை 11.20 – மைனஸ் 20. சரியாயிட்டு.’